வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வெறும் சுவர்

சிலுவையைக் கழற்றுவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. நான்கு திருகாணிகள், அதிலும் ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருந்தது. கழற்றித் தரையில் சாய்த்துவிட்டு மார்னிக்ஸ் நிமிர்ந்து பார்த்தான்.

சிலுவை இன்னும் சுவரிலேயே இருந்தது.

மரச்சிலுவை கீழே கிடந்தது, அது வேறு. எத்தனையோ வருஷ ஜன்னல் வெளிச்சத்தில் சுவர் முழுவதும் பழுப்பேறிப் போயிருக்க, மரம் மறைத்திருந்த இடம் மட்டும் பளீரென்று வெளுப்பாக நின்றது. பழைய சிலுவையை அறைக்குள் வந்து தேடினால்தான் கண்ணில் படும். இது நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்தே தெரிந்தது.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த போதகர் லீஸ்பெத் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதே" என்றான் மார்னிக்ஸ்.

"நான் எங்கே சிரிச்சேன். ஏணியைத்தானே பிடிச்சிட்டிருக்கேன்."

க்ரோனிங்கன் நகரத்தின் அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிக்குக் கடவுள் வேண்டுமென்றால் லீஸ்பெத்தைக் கூப்பிடுவார்கள். வேண்டாமென்றால் மார்னிக்ஸை. அவன் மனிதநேய ஆலோசகன். படுத்திருப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது, கேட்பது, கையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் இருவருக்கும் ஒன்றுதான். மேலே பார்ப்பது மட்டும் அவனுக்குக் கிடையாது. இருவருக்கும் ஒரே அலுவலகம், ஒரே காபி இயந்திரம். ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் இருவர் பெயரும் 'மதங்கள்' என்ற ஒரே தலைப்பின் கீழ். கத்தோலிக்கம், இஸ்லாம், புராட்டஸ்டண்ட், அப்புறம் மனிதநேயம். அந்தத் தலைப்பை மாற்றச் சொல்லி மார்னிக்ஸ் எழுதாத கடிதம் இல்லை. கடைசியாக வந்த பதில் மரியாதையாகவே இருந்தது. அங்கிருந்து எடுத்துவிடலாம், ஆனால் மிச்சமிருக்கும் ஒரே தலைப்பு 'பூக்கடை, முடிதிருத்தகம் மற்றும் பிற வசதிகள்', பரவாயில்லையா என்று கேட்டிருந்தார்கள். அவன் மதங்களிலேயே இருந்துவிட்டான்.

நோயாளிகள் அவனை 'ஃபாதர்' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் ஃபாதர் இல்லை, எனக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது என்று பொறுமையாக விளக்குவான். அவர்களும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க ஃபாதர்" என்பார்கள்.

இப்படி வருஷங்கள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் இதயப் பிரிவிலிருந்து அந்த அழைப்பு வந்தது. பெரெண்ட் என்றொரு பெரியவர். கால்வாய்ப் பாலத்தை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். "சாமி இல்லாத சாமியார் ஒருத்தர் இங்கே இருக்காராமே, அவரை வரச் சொல்லு" என்று நர்ஸிடம் கேட்டிருந்தார். மார்னிக்ஸ் படிக்கட்டுகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான். அவனை அவனாகவே தெரிந்து ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பெரெண்டுக்கு அடுத்த திங்கட்கிழமை இதயத்தில் அறுவை சிகிச்சை. டாக்டர்கள் நம்பிக்கையாகத்தான் பேசினார்கள், ஆனாலும் அவர்கள் பேச்சில் 'ஆனாலும்' நிறைய இருந்தது. அதற்குள் அவருக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. நாற்பது வருஷமாக ஒரே வீட்டில் கூட வாழும் ஃபென்னாவை வெள்ளிக்கிழமை கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும். இத்தனை நாள் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்றால், அது கொள்கை. கல்யாணம் என்றாலே கோயில் வாடை அடிக்கிறது என்பது அவர் கட்சி. இப்போது மனசு மாறிவிட்டது, கொள்கை மாறவில்லை.

"நகராட்சிப் பதிவாளர் வரட்டும், கையெழுத்துப் போடறேன். நீங்க நாலு வார்த்தை பேசுங்க. ஆனா அந்த இடத்துல மதத்தோட வாசனைகூட இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா கட்டைப் பிரம்மச்சாரியாவே கத்திக்குக் கீழ போய்ப் படுத்துக்கறேன்."

அவர் இருந்தது நான்கு கட்டில் அறை. எதிர்க் கட்டில்காரர் விடிந்ததிலிருந்து பைபிள் சங்கீதங்களை முணுமுணுத்துக்கொண்டிருப்பவர், ஆகவே அது சரிப்படாது. உணவகத்தில் மீன் வறுக்கிற சத்தத்தில் பதிவாளர் பேசுவது மணமக்களுக்கே கேட்காது. மிச்சம் இருந்தது தரைத்தளத்து அமைதி அறை. எல்லா மதத்தாருக்கும் மதமற்றவருக்கும் பொது என்று வாசலில் பலகை. உள்ளே சுவரில் சிலுவை. ஒரு வார்த்தை கேட்டவுடன் லீஸ்பெத் திருப்புளியைத் தானே தேடி எடுத்து வந்தாள். நல்ல பெண். அதுவே மார்னிக்ஸுக்குச் சில சமயம் எரிச்சலாக இருக்கும்.

அன்று மத்தியானம் ஃபென்னா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வர, பெரெண்ட் வந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"கழட்டிட்டதா சொன்னாங்க."

"கழட்டிட்டேன்."

"அப்ப இது?"

"அது இருந்த இடம்."

"தம்பி, ரெண்டாயிரம் வருஷமா அவங்க பொழப்பே அதை வெச்சுத்தான் ஓடுது. கல்லறைக் கல்லைப் புரட்டிப் பாத்தாங்க, ஆள் இல்ல, இருந்த இடம்தான் இருந்துச்சு. நீங்க என்னடான்னா அதையே சுவத்துல வரைஞ்சு வெச்சிருக்கீங்க."

ஃபென்னா பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து மார்னிக்ஸிடம் நீட்டினார். சின்ன உருவம், சாம்பல் நிறக் கோட்டு, அதிகம் பேசாத மனுஷி. "பாவம், ஏணியெல்லாம் ஏறியிருக்காப்ல" என்று மட்டும் சொன்னார். டப்பா திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது. எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு பிஸ்கட்தான்.

வெள்ளை அடித்துத் தரச் சொல்லிப் பராமரிப்புப் பிரிவில் கேட்டான். கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. கேட்ட அதே நிமிஷத்தில் வந்ததால் அதில் நம்பிக்கை வைக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு மழையில் நனைந்து போய்த் தன் செலவிலேயே பெயிண்ட் வாங்கினான். தன் செலவு என்பதால் சின்ன டப்பா. அது சுவரின் நடுப்பகுதிக்குத்தான் வந்தது. சிலுவைத் தடம் மறைந்துவிட்டது, உண்மை. அந்த இடத்தில் பழுப்புச் சுவருக்கு நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு நீள்சதுரம் தகதகவென்று வெள்ளையாக நின்றது. சாயங்கால வெயில் நேராக அதில் வந்து விழுந்தது.

லீஸ்பெத் எட்டிப் பார்த்தாள். "வாசல் மாதிரி இருக்கு."

"எதுக்கு வாசல்?"

"அதை நீ என்கிட்ட கேக்காதே."

புதன்கிழமை காலை காபி நேரத்தில் பெரெண்ட் கூப்பிட்டனுப்பினார். முகம் சிவந்திருந்தது. ஃபென்னா காலை முதல் பஸ்ஸில் வந்திறங்கி, வழியில் அமைதி அறையை எட்டிப் பார்த்தாராம். அங்கே அந்த வெள்ளைக் கட்டத்துக்கு முன்னால் தரையில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்ததாம்.

மார்னிக்ஸ் ஓடிப்போய்ப் பார்த்தான். உண்மைதான். தகரக் குப்பிக்குள் அடங்கிய சின்ன மெழுகுவர்த்தி. தேநீர்க் கூஜாவைச் சூடாக வைத்திருக்க எங்கள் ஊரில் எல்லார் வீட்டு இழுப்பறையிலும் ஒரு பை நிறையக் கிடக்குமே, அதுதான். சுடர் அசையாமல், மிகப் பக்தியாக நின்று எரிந்துகொண்டிருந்தது. ஊதி அணைத்தான். புகை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தபோது, தான் கிட்டத்தட்ட பூசாரி வேலை பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. ஜன்னலை மூடிவிட்டான்.

வெற்றிடம் விட்டால்தான் ஆளாளுக்கு எதையாவது நிரப்புகிறார்கள், எனவே மதச்சார்பற்ற படம் ஒன்றை மாட்டிவிடுவது என்று முடிவு செய்தான். படம் மாட்ட வேண்டுமென்றால் 'மதங்கள்' தலைப்பின் கீழ் இருக்கும் எல்லாரும் அடங்கிய வேலைக்குழு கூட வேண்டும். வேலைக்குழு கூட வேண்டுமென்றால் காபி வேண்டும். அதைத் தொடர்ந்து எல்லாரும் எல்லார் கருத்தையும் கேட்டு, ஒருவர் மனமும் நோகாமல், ஒருவருக்கும் பிடிக்காத ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் எங்கள் நாட்டில் நாங்கள் கடலையே இப்படிப் பேசிப் பேசித்தான் தள்ளிவைத்திருக்கிறோம். அன்று லீஸ்பெத் கடல் படம் என்றாள்; பைபிளில் கடல் இரண்டாகப் பிளந்த கதை இருக்கிறது என்று மார்னிக்ஸ் மறுத்தான். கத்தோலிக்கப் பாதிரியார் மரம் என்றார். ஏதேன் தோட்டம் ஞாபகத்துக்கு வந்து அதையும் மறுத்தான். மலை, ஆடு, படகு, மீன், ரொட்டி, திராட்சை என்று வந்ததெல்லாம் எங்கேயோ எவரோ புனிதமாக்கி வைத்ததாகவே இருந்தது. உலகத்தில் மதம் தொடாத பொருள் ஒன்றுகூட மிச்சமில்லையா என்று அவன் வாய்விட்டே கேட்டான்.

கடைசியில் இமாம்தான் கணக்குப் பிரிவின் நடைபாதையில் மாட்டியிருக்கும் புகைப்படத்தை ஞாபகப்படுத்தினார். பசுமாடு. கறுப்பு வெள்ளையில், புல்வெளியில் நின்று கேமராவைப் பார்க்கும் சாதாரணப் பசுமாடு. பசுவில் மதம் இருக்க வாய்ப்பே இல்லை என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. அந்த அறையில் இருந்த யாருக்கும் அது தோன்றவில்லை என்பதுதான் விஷயம்.

வியாழக்கிழமை காலை மார்னிக்ஸ் அமைதி அறைக்குள் நுழைந்தபோது, சுரினாம் நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஓர் இந்து அம்மாள் படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். மகனுக்குச் சிறுநீரகத்தில் ஏதோ சிகிச்சையாம். மார்னிக்ஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில், எங்களையும் நினைத்து ஓர் ஆஸ்பத்திரி இப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் ஃபாதர் என்றார். அவரிடம் போய் இது வெறும் மாடு என்று எப்படிச் சொல்வது. அவன் மகனைப் பற்றி விசாரித்தான். கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாள் போன பிறகுதான் கீழே பார்த்தான். பசுவின் காலடியில் மறுபடியும் அதே மெழுகுவர்த்தி. இன்றைக்குக் கூடவே ஒரு டூலிப் பூ. நீங்கள் வைத்ததா என்று அந்த அம்மாளைக் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது; அதற்குள் தீயணைப்புப் பாதுகாப்பு அதிகாரி வந்துவிட்டார்.

அவர் வாதம் தெளிவாக இருந்தது. ஆஸ்பத்திரியில் தரையில் மெழுகுவர்த்தி எரியக் கூடாது. ஏற்றுபவர் யாரென்று தெரியாததால் தடுக்கவும் முடியாது. தடுக்க முடியாத தீயைப் பாதுகாப்பான இடத்தில் எரிய விடுவதுதான் விதி. பத்து மணிக்குள் இரண்டு பேர் இரும்பில் ஒரு பீடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று அடுக்கு, அடுக்குக்கு அடுக்கு மணல், பக்கத்தில் மெழுகுவர்த்திப் பெட்டி. பசுவுக்கு நேர் கீழே, சரியாக நடுவில் வைத்துவிட்டு, ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மத்தியானத்துக்குள் அடுக்கு நிறைந்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு பேர் வந்தால் அதிகம் என்றிருந்த அறையில் நிற்க இடமில்லை. கை ஒடிந்தவர்கள், கை ஒடிந்தவர்களைப் பார்க்க வந்தவர்கள், எக்ஸ்ரே எடுக்கக் காத்திருந்தவர்கள். லீஸ்பெத் வாசலில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, என் கோயிலுக்குக் கிறிஸ்துமஸுக்குக்கூட இவ்வளவு பேர் வந்ததில்லை என்று பெருமூச்சு விட்டாள். எப்படிச் செய்கிறாய் என்று நிஜமாகவே கேட்டாள்.

மார்னிக்ஸ் ஒரு காகிதத்தில் கொட்டை எழுத்தில் 'இந்த அறையில் எதுவும் புனிதமானது அல்ல' என்று எழுதிச் சுவரில் ஒட்டினான். சற்று நேரம் கழித்து வந்து பார்த்தபோது, ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உதடுகள் அசைய அதை வாசித்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

சாயங்காலம் பெரெண்ட் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஃபென்னா வீட்டுக்குப் போயிருந்தார், ஆனால் போவதற்கு முன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். பீடம், பசு, பூ, கூட்டம், ஒன்றையும் விடவில்லை.

"உக்காருங்க தம்பி. ஒண்ணு கேக்கணும். உங்க சங்கத்துல ஞாயித்துக்கிழமை கூடுவீங்களா?"

"மாசத்துக்கு ஒரு ஞாயிறு. அன்னைக்குத்தான் எல்லாருக்கும் லீவு."

"பாட்டு உண்டா?"

"சில சமயம்."

"ஒருத்தர் நின்னு பேச, மத்தவங்க உக்காந்து தூங்குவாங்களா?"

"அது உரை."

"அப்புறம் காபி."

"காபி எங்கதான் இல்ல?"

"புள்ள பொறந்தா ஒரு சடங்கு, செத்தா ஒரு சடங்கு, நடுவுல சந்தா. எங்கப்பா என்னைக் காதைத் திருகி இழுத்துட்டுப் போன கோயிலும் இதேதான். அங்க ஒரு சாமி கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். நீங்களும் ஒரு மதம்தான் தம்பி. இல்லேன்னா தொட்டதெல்லாம் இப்படிக் கோயிலாகுமா?"

மார்னிக்ஸுக்கு நான்கு நாள் எரிச்சல் பொங்கி வந்தது. ஆலோசகர் பயிற்சியில், நோயாளியிடம் ஒருபோதும் வாதாடக் கூடாது என்பதற்கு ஒரு வாரம் முழுக்க வகுப்பு எடுத்திருந்தார்கள்.

"நான் மதம்னா நீங்க யாரு?" என்றான். "ஒரு தடம் ஆகாது, ஒரு பூ ஆகாது, வாசனைகூட ஆகாதுங்கறீங்க. தீட்டுப் பாக்கறவங்ககூட உங்க அளவுக்குப் பாக்க மாட்டாங்க. கோயிலுக்குப் போறவன் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கடவுளை நினைக்கறான். நீங்க முழிச்சிருக்கற நேரமெல்லாம் அவரைத்தான் நினைச்சிட்டிருக்கீங்க. கடவுள் இல்லைங்கறதுதான் உங்க கடவுள்."

எதிர்க் கட்டில்காரர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே "ஆமென்" என்றார்.

பெரெண்டின் கைகள் போர்வையின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தன. பாலத்தின் பெரிய நெம்புகோலைப் பிடித்த கைகள்.

"போன வாரம் என்னை இங்க சேக்கறப்போ, சீட்டு எழுதற பையன் அவளைப் பாத்து நீங்க இவருக்கு யாருன்னு கேட்டான்" என்றார். "அவளுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நாப்பது வருஷம் என்கூட இருந்தவ. திங்கக்கிழமை எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, மறுபடி அவளை எவனும் அப்படிக் கேக்கக் கூடாது தம்பி. அதுக்குத்தான். ஆனா அதுக்காக எங்கப்பா கோயிலுக்குள்ள என்னை நுழைய வெச்சுடாதீங்க. அதுவும் என்னால முடியாது."

மார்னிக்ஸ் எழுந்தான். நாளைக்கு ஒரு வெறும் சுவர் இருக்கும் என்று சொன்னான்.

நேராகக் கடைக்குப் போய்ப் பெரிய டப்பாவாகவே வாங்கினான். பசுவை மறுபடியும் கணக்குப் பிரிவில் கொண்டுபோய் மாட்டினான். காகிதத்தைக் கிழித்தான். இரும்புப் பீடத்தை அகற்ற அடுத்த மாதக் கூட்டத்தில் விவாதிக்க வேண்டும் என்று விதி இருந்தது. விதியையும் பீடத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டுபோய்ச் சக்கர நாற்காலிகள் வைக்கும் அறையில் தள்ளிப் பூட்டினான். லீஸ்பெத் தானே ஓர் உருளைத் தூரிகையுடன் வந்து, எதுவும் கேட்காமல் மறுகோடியிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள். கோடிக்குக் கோடி, ஒரு திட்டுக்கூட விடாமல் சுவர் முழுவதும் வெள்ளை.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் வந்து பார்த்தான். சுவர் காய்ந்திருந்தது. அதில் தடம் இல்லை, கட்டம் இல்லை, மாடு இல்லை. சுவர் சுவராக மட்டும் இருந்தது. நம்மால் முடிந்துவிட்டது என்று அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. குனிந்து பார்த்தபோது தன் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னால் கோர்த்திருப்பது தெரிந்தது. சட்டென்று உதறிப் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஆனால் அந்த மெழுகுவர்த்தி ஆசாமி இன்னும் பாக்கி. பதினொரு மணிக்குப் பதிவாளர். அதற்குள் இன்றைக்கும் ஒன்று எரிந்தால் எல்லாம் போயிற்று. மூலையில் அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளுக்குப் பின்னால் போய், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். இந்த உத்தியோகத்துக்கு ஒரு பல்கலைக்கழகப் பட்டம் வேறு.

கதவு மெதுவாகத் திறந்தது. சாம்பல் நிறக் கோட்டு. நனைந்த குடையை வாசலிலேயே மடக்கி வைத்துவிட்டு ஃபென்னா உள்ளே வந்தார். புதுச் சுவரை மேலும் கீழும் பார்த்தார். கைப்பையைத் திறந்தார். தகரக் குப்பி மெழுகுவர்த்தியை எடுத்து, சுவருக்கு முன்னால் சரியாக நடுவில் வைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தீக்குச்சியைக் கிழித்தார்.

மார்னிக்ஸ் எழுந்தான். எழுந்த வேகத்தில் இரண்டு நாற்காலிகள் சரிந்தன. ஃபென்னா திரும்பிப் பார்த்தார். பயப்படவில்லை. மாட்டிக்கொண்டவர் முகம் மட்டும் இருந்தது.

அவனுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அந்த நாற்பது வருஷம் கண்முன்னே விரிந்தது. சாப்பாட்டு மேசையில் தினமும் கடவுளைத் திட்டித் தீர்க்கும் ஒரு மனிதர். எதிரே வாய் திறக்காமல் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டு, உள்ளுக்குள் ஒரு சின்னச் சுடரைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வந்த ஒரு பெண். இப்போது அந்த மனிதர் உயிருக்குப் போராடும் நேரத்தில் விடியற்காலையில் ஒளிந்து ஒளிந்து வந்து பிரார்த்திக்கிறார். அந்தச் சுடரைத்தான் இவன் புதன்கிழமை ஊதி அணைத்தான். அவனுக்குக் கண் கலங்கியது.

அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். நெடுநேரம் பேசினான். இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவன் பேசியதிலேயே நல்ல பேச்சு அதுவாகத்தான் இருக்கும். நம்புவது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை என்றான். எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் உங்கள் நம்பிக்கைக்கு இந்த அறையில் இடம் உண்டு என்றான். பெரெண்டிடம் மூச்சு விடமாட்டேன், வேண்டுமானால் கல்யாணம் முடிந்ததும் லீஸ்பெத்தை அழைத்து வருகிறேன், தனியாக ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள் என்றான். சிலுவையைத் திரும்ப மாட்டவும் தயார் என்றுகூடச் சொல்லிவிட்டான்.

ஃபென்னா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நடுவில் பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினார். அவன் ஒன்றை எடுத்துக்கொண்டான். டப்பா மூடவில்லை. இன்னொன்று எடுத்துக்கச் சொல்லி ஆட்டிக் காட்டினார். ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று அவனுக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

"ஜெபமெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி" என்றார். "கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டப்போ அவர் கண்ணுல தண்ணி நின்னுச்சு. அந்த மூஞ்சியப் பாத்து எப்படி முடியாதுங்கறது? மெழுகுவர்த்தி எரியுதுன்னு சொன்னா, கொள்கைக்காக அவரே வேண்டாம்னு சொல்லிடுவார்னு பாத்தேன். நீங்க என்னடான்னா தினம் ஒரு வழி கண்டுபிடிச்சிட்டே இருக்கீங்க."

மார்னிக்ஸ் பிஸ்கட்டைக் கீழே வைத்தான். "அந்தப் பையன் நீங்க யாருன்னு கேட்டது..."

"கேட்டான். ஃபென்னான்னு சொன்னேன். எழுதிக்கிட்டான்."

"அப்ப உங்களுக்கு இந்தக் கல்யாணம்..."

"திங்கக்கிழமை அவர் நல்லபடியா முழிப்பார். முழிச்சதும் மூணு தெருவுக்குக் கேக்கற மாதிரி கத்துவார். நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன், எப்பவும் போல. அதுக்கு நடுவுல எதுக்கு ஒரு பதிவாளர்?"

குனிந்து, மெழுகுவர்த்தி நன்றாகப் பிடித்துக்கொண்டு எரிகிறதா என்று பார்த்து, அதைச் சுவரோரம் இன்னும் கொஞ்சம் எடுப்பாகத் தெரியும்படி நகர்த்தி வைத்தார்.

"உங்க ரெண்டு பேருக்கும் கடவுள்மேலதான் நம்பிக்கை இல்ல. எனக்குக் கல்யாணத்து மேலயும் இல்ல."